படத்தில் இல்லாத கை

1

இன்று சித்திரை ஒன்று. அடிலெய்டில் இலை உதிர்கிறது. புதுவருடக் காலையில் கண்விழித்ததும் முதலில் கனி பார்க்க நேற்று இரவே ஒரு தட்டு எடுத்து வைத்தேன். மாம்பழப் பருவம் இங்கே முடிந்துவிட்டது. கடையில் கிடைத்த ஆப்பிள், காயாகவே இருந்த வாழைப்பழம், ஒரு கண்ணாடி, என் மனைவி சரோஜாவின் சங்கிலி. காலையில் கண்ணை மூடிக்கொண்டே சுவரைப் பிடித்து நடந்து வந்து, தட்டின் முன் நின்று கண்ணைத் திறந்தேன். கனி காட்ட வீட்டில் இன்னொருவர் வேண்டும். தட்டை வைத்தவனே தட்டைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? கண்ணாடியில் சவரம் செய்யாத என் முகம் தெரிந்தது.

அடுத்து, பழக்கதோஷத்தில் போனை எடுத்து அண்ணனின் எண்ணை அழுத்தப் போனேன். விரல் பாதி வழியில் நின்றது.

அண்ணன் பழனிச்சாமி பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து ஞாயிறுதோறும் பேசிக்கொள்வோம். பெரிதாக ஒன்றும் இருக்காது. மா பூத்தது, தத்துப்பூச்சி விழுந்தது, லாரிக்காரன் ஏமாற்றினான். அவர் சொல்வார், நான் கேட்பேன். பிறகு நான் சொல்வேன், அவர் கேட்பார். சரோஜா போன பிறகு என் பேச்சை என் ஊர்ப் பேச்சிலேயே கேட்க மிஞ்சிய ஒரே மனிதர் அவர்தான்.

இப்போது அவருக்குக் காது கேட்பதில்லை. இரண்டு காதும். வயதானால் வருவதுதானே என்று ஊரில் சொல்கிறார்கள். அவருடைய மகன் செந்திலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன், இதே சித்திரையில், அந்தக் காதைக் கெடுத்தவன் நான். எப்படி என்று எழுதிவிடுகிறேன்.

2

நான் நீச்சல் தெரியாமல் வளர்ந்தவன். எங்கள் பக்கம் அது கேவலம். கிணறு இல்லாத தோட்டம் கிடையாது. கிணற்றில் குதிக்காத பையனும் கிடையாது. அண்ணன் குதிப்பவர், நான் படிப்பவன் என்று வீட்டில் எப்போதோ பிரித்துவிட்டார்கள். சுற்று வட்டாரத்தில் யார் கிணற்றில் வாளி விழுந்தாலும், மோட்டார்க் குழாயின் அடியில் ஃபுட்வால்வு கழன்றாலும், பழனிச்சாமிக்குத்தான் ஆள் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து வருவார். அப்படி ஒருமுறை பக்கத்துத் தோட்டத்து மோட்டாருக்காக முங்கியபோது இடது காதுச் சவ்வு கிழிந்தது. அன்றிலிருந்து வலது காது ஒன்றுதான். பேசும்போது வலப்பக்கத்தை நம் பக்கம் திருப்பிக்கொள்வார். இது எனக்குத் தெரியும். வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் தண்ணீருக்குள் போகக் கற்றது அறுபதைத் தாண்டி, இங்கே, சரோஜா இறந்த பிறகு. வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு டைவிங் கிளப்பில் சேர்ந்தேன். இந்தக் கடற்கரையில் பழைய மரப்பாலங்கள் கடலுக்குள் நீண்டு நிற்கும். அவற்றின் தூண்களுக்கிடையே பாசிக்கொடி போலவே ஆடிக்கொண்டு ஒருவகைக் கடற்குதிரை திரியும். ஆண்தான் முட்டைகளை வாலில் ஒட்டிச் சுமக்கும். அதைப் படமெடுக்க ஒரு சிறிய கேமரா வாங்கினேன். பிறகு பெரியது. பிறகு இந்த ஃபுல்-ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்.

ஊரில் கல்யாணத்துக்குப் படமெடுப்பவர்களிடம் இதே கேமராவைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் கொண்டுபோக அதற்கு அலுமினியத்தில் ஒரு கனமான உறை உண்டு. முன்னால் குவளையைக் கவிழ்த்தது போல ஒரு கண்ணாடிக் குமிழ். பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட கையில் ஃபிளாஷ். உறையின் இரு பாதியும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். அதற்குக் கிரீஸ் தடவுவதற்காகவே ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டு உட்காருவேன். சரோஜாவுக்கு நான் எதையும் அவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை.

தண்ணீருக்குள் தனியாகப் போகக் கூடாது என்பது முதல் பாடம். கூட ஒருவர் இருக்க வேண்டும், அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமராக்காரர்களுடன் போக கிளப்பில் யாருக்கும் விருப்பமிருக்காது. நாங்கள் கேமராவின் சிறு ஜன்னலில் கண்ணை ஒட்டிவிட்டால் கூட வந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடப் பார்க்கமாட்டோம் என்பார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள்.

3

அந்த வருடம் ஊருக்குப் போனபோது கேமராவையும் கொண்டுபோனேன். உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்குவது எங்கள் பக்கம் சித்திரையில் சில நாட்கள்தான். அந்த ஒளித்தூணுக்குள் ஒரு மனிதன் தலைகீழாக இறங்கி வருவதைக் கீழே இருந்து எடுக்க வேண்டும். பல மாதமாக இதே நினைப்பு.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பறக்குங்களா?”

“இல்லைங்க. முங்கும்.”

“எங்க முங்கப் போறீங்க, பாலக்காட்டுல?”

கிணற்றில் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, நாற்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு நம் ஊர்க் கிணற்றில் முங்க வந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்து அனுப்பிவைத்தார்.

காற்று சிலிண்டரைச் செந்தில் கொச்சிப் பக்கம் டைவிங் சொல்லித்தருபவரிடம் வாடகைக்கு வாங்கி, மாங்கூடைகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்ததால் கிணற்றில் மூன்று ஆள் ஆழம் இருந்தது. குதிக்க யாராவது இளவட்டம் கிடைக்குமா என்று செந்திலிடம் கேட்டேன். தோட்டத்தில் எல்லோரும் காய் பறிப்பதில் இருந்தார்கள். அண்ணன் சட்டையைக் கழற்றினார்.

“என்ற கெணத்துல எதுக்குடா வேற ஆளு?”

நான் தடுக்கவில்லை. அவருடைய காது எனக்கு நினைவு வரவில்லை என்று எழுதினால் அது பொய். நினைவு வந்தது. அதைவிட, எழுபத்தைந்து வயது உடம்பு, வெள்ளை முடி, எலும்பு தெரியும் தோள், இவை படத்தில் எப்படி நிற்கும் என்பதும் நினைவு வந்தது. ஆழத்தில் முதலில் சாகும் நிறம் சிவப்பு. ஃபிளாஷ் வெளிச்சத்தில் அதை உயிரோடு காட்டுவதில்தான் திறமை. அதனால் இடுப்பில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

“நான் என்ன கோயல் மாடா?” என்றார். கட்டிக்கொண்டார்.

படியில் உட்காரவைத்துச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தேன். விரலை வட்டமாகச் சேர்த்தால் எல்லாம் சரி. இரண்டு விரலைக் கண்ணுக்கு நேராகக் காட்டி நீட்டினால், பார். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் சரியில்லை என்று பொருள். ஆட்டிவிட்டு எங்கே சரியில்லையோ அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

“தண்ணிக்குள்ள போயிட்டு என்னடா பேச்சு? போறது, எடுக்கறது, வாரது. அவ்வளவுதா.” ஆனாலும் ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். நான் தலையசைத்தேன். எங்கள் வாழ்க்கையில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

நான் அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் தடவை அவர் குதித்தபோது ஒரு ஃபிளாஷுக்குப் போகும் ஒளியிழை சரியாகச் செருகப்படவில்லை. படம் கரும்பச்சையாக வந்தது. மேலே வந்து என் தவறு என்றேன்.

“உன்ற பொட்டி தண்ணிக்குள்ள டக்கு டக்குங்குது. கெவுளி மாரி. எனக்கு மேல வரைக்கும் கேக்குது” என்றார்.

அந்தப் பல்லிச் சத்தத்துக்குக் காரணம், டி.எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் ஒரு சிறு கண்ணாடி. ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே தாவிக் கீழே விழும். தரையில் சின்னச் சத்தம்தான். தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

இரண்டாவது தடவை எல்லாம் கூடிவந்தது. ஒளி, துண்டு, அவருடைய விரிந்த கைகள். திரையில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அத்துடன் நான் கேமராவை மூடியிருக்க வேண்டும். அவர் படியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து, மறுபக்கத்தைத் தட்டி, வலது காதிலிருந்து தண்ணீரை இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதுமாடா?”

“இன்னொருக்கா மட்டுங்ணா. வீடியோவுக்கு.”

“உனக்கென்ன, கொழாயில காத்தக் குடிச்சுட்டு ஒக்காந்திருக்கற” என்றார். குதித்தார்.

நான் இன்னும் வீடியோவுக்கு மாற்றவில்லை. கண் அந்தச் சிறு ஜன்னலில்தான் இருந்தது. அவர் வெள்ளைக் குமிழிகளுக்குள்ளிருந்து வெளிப்பட்டு இறங்கி வந்தார். பாதி வழியில் நின்றார். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு விரலால் வலது காதைத் தொட்டார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன். கேமராவைக் கீழே விட்டுவிட்டு, அவர் இடுப்பைப் பிடித்து மேலே கொண்டுபோக வேண்டும். நான் ஃபோகஸைச் சரிசெய்தேன். அந்த விரல்மீது வெளிச்சம் படும்வரை பொறுத்தேன். அழுத்தினேன்.

பிறகு நெம்புகோலைத் தள்ளி வீடியோவுக்கு மாற்றி, அவர் ஒற்றைக் கையால் நீந்தி மேலே போவதையும் எடுத்தேன். அந்த வீடியோவில் அவர் சத்தம் ஒன்றும் இல்லை. கேட்பதெல்லாம் என் மூச்சு மட்டும்தான்.

நான் மேலே வந்தபோது அவர் படியில் உட்கார்ந்து துண்டின் நுனியைக் காதில் வைத்திருந்தார். “வந்துதாடா?” என்றார். பிரமாதமாக வந்திருக்கிறது என்றேன். காதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் நான் பார்த்தேன் என்று ஆகிவிடும்.

4

மறுநாள் எனக்கு விமானம். புறப்படும்போது அண்ணன் காது அடைத்துத் திண்டாடிக்கொண்டுதான் இருந்தார். தண்ணீர் போயிருக்கிறது, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினால் இறங்கிவிடும் என்றார்கள். அப்படி ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். கிளப்பில் படித்திருக்கிறேன். சொன்னால், அப்படியானால் உடனே கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும், விமானத்தை விட வேண்டும். நான் பெட்டியைக் கட்டினேன். அவர் மறையூர் வெல்லம் ஒரு பொட்டலம் வைத்துக்கொடுத்தார்.

அடிலெய்டு விமான நிலையத்தில் அதிகாரிப் பெண் அந்த வெல்லத்தை வெளிச்சத்தில் பிடித்து, மண்ணா என்று கேட்டாள். கரும்புச்சாற்றைக் காய்ச்சியது என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் பயந்துபோய், பரவாயில்லை, கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அண்ணனை மருத்துவரிடம் கூட்டிப்போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்காதில் அடி, உடனே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைச் செந்தில் போனில் சொன்னான். காதுக்கருவி வைத்துப் பார்த்தார்கள். கருவியில் அவருக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஒரு முகாமில் போய் உட்கார்ந்தார். அங்கே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். செந்தில் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் பெயர் வந்து போய்விட்டது. காது கேளாதவர் முகாமில் காதால் கேட்டுத்தான் எழ வேண்டியிருந்தது என்று செந்தில் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளை அண்ணன் விடவில்லை. செந்தில் எண்ணை அழுத்திக் கொடுப்பான். அவர் பேசுவார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் சத்தமாக, இடைவெளி விடாமல். பூ, பூச்சி, லாரி. முடிந்ததும், “செரி ராசு, வெச்சறேன்” என்று வைத்துவிடுவார். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன்.

5

அந்த மூன்றாவது படத்தை நான் கிளப்பின் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தேன். எடுத்ததே தப்பு, வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. அதற்குப் பரிசு வந்தது. அந்தக் கையின் பாவத்தைப் பற்றி நடுவர் நிறையப் பேசினார்.

மெல்போர்னில் இருக்கும் என் மகள் மீராவுக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து எனக்கு வரும் பதில் பெரும்பாலும் ஒரு பொம்மைக் கட்டைவிரல்தான். அன்று கூப்பிட்டே விட்டாள். யார் இந்த அங்கிள் என்றாள். பெரியப்பா என்றேன். அந்தச் சொல் அவளுக்கு நினைவு வரச் சிறிது நேரம் ஆயிற்று.

பிறகு தமிழில் கேட்டாள். “அவருக்கு வலிக்குதா, அப்பா?”

இல்லை என்றேன்.

கிளப்பில் கரோல் என்ற பெண்மணி இருக்கிறார். என் வயதுக்காரர், செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னுடன் தண்ணீரில் இறங்கச் சம்மதிக்கும் ஒரே ஆள். படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, இவர் காது சரியில்லை என்றல்லவா சொல்கிறார் என்று கேட்டார். அது எங்கள் நாட்டு நடனத்தில் வரும் ஒரு முத்திரை என்றேன். இந்த நாட்டில் எங்கள் கலாசாரம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். கரோல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து கணினியில் படத்தைத் திறந்தேன். ஓரத்திலிருந்து வெட்டினேன். முகமும் வெள்ளை முடியும் ஒரு தோளும் ஒளியும் மிஞ்சின. கை போய்விட்டது. வெட்டிய பிறகும் நல்ல படம்தான். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். இன்னொரு பிரதியை ஊருக்கு அனுப்பினேன். அண்ணன் அதைக் கூடத்தில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருப்பதாகச் செந்தில் சொன்னான்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேசி முடித்து, போனை வைக்கும் முன் நான் குறுக்கிட்டேன். அண்ணா, நீங்கள் காதைக் காட்டியதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். முழுவதும் சொன்னேன். அவருக்குக் கேட்காது என்று தெரிந்திருந்ததால்தான் சொல்ல முடிந்தது. பிறகு, “செரி ராசு, சாப்டயா? வெச்சறேன்” என்றார். எனக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது. அந்த லேசுக்காகவும் இப்போது வெட்கப்படுகிறேன். செந்திலிடம் சொல்லி எழுதிக் காட்டச் சொல்லியிருக்கலாம். அதற்குத் துணிவில்லை.

இன்று காலை, கனித்தட்டு முன் நான் நின்றுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. செந்தில் முகம் தெரியும்படி கூப்பிட்டிருந்தான். புதுவருடம் என்று அண்ணனை உட்காரவைத்துப் போனை எதிரில் சாய்த்துவிட்டு, லாரி வந்திருக்கிறது என்று தோப்புக்குப் போய்விட்டான். நாங்கள் இருவர் மட்டும். அவர் இளைத்திருந்தார். பழக்கம் விடவில்லை, வலது காதையே என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

மாங்காய் விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். நிறுத்தினார். எழுந்து போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ராசு, ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். இதுல என்ற கை எங்கடா?”

என் வாய் ஏதோ சொல்லத் தொடங்கியது. சொல்லி என்ன பயன், அவருக்குக் கேட்காது. மறுபடியும் அதே வசதி. வாயை மூடினேன். இரண்டு விரலை என் கண்ணுக்கு நேராக வைத்து, அவரை நோக்கி நீட்டினேன். பிறகு உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். விரலால் என் வலது காதைத் தொட்டேன்.



“எனக்குத் தெரியும்” என்றார். “நான் கையக் காட்டுனதுக்குப் பொறகுதாண்டா டக்குன்னுது. முன்னால இல்ல. அதுதா எனக்கு நல்லாக் கேட்ட கடசிச் சத்தம். அதெப்புடி மறக்கும்?”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

“எடுத்தது எடுத்துட்ட. அத எதுக்குடா வெட்டுன? கையோட ஒண்ணு கொண்டா. இத நான் மாட்டறதில்ல.”

படத்தைக் கவிழ்த்துக் கட்டிலின் அடியில் வைத்தார். பிறகு போனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் அப்படியே எழுந்து போய்விட்டார். வெகுநேரம் எனக்கு அவருடைய வெற்று நாற்காலி தெரிந்துகொண்டிருந்தது. தோப்பில் கூடை இறக்கும் சத்தமும் காக்கை கரைவதும் கேட்டன. நான் அணைக்கவில்லை.

மதியம் படம் அச்சடிக்கும் கடைக்குப் போனேன். சட்டத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டுமானால் ஓரத்தில் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும் என்றான் கடைப்பையன். வேண்டாம், வெட்டாமல் போடு, சுற்றிலும் வெள்ளையாகக் கிடக்கட்டும் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் பயணச்சீட்டு எடுத்தேன். அஞ்சலில் அனுப்பப் போவதில்லை. இந்தக் குறிப்புகளையும் அச்சில் வருவதற்கு முன் கையில் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பேன். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பார். செந்தில் பிறகு படிக்கட்டும்.

படத்தை இரண்டு வேட்டிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் படுக்கவைத்தேன். கேமராவை இந்த முறை எடுக்கவில்லை. அது இல்லாததால் பெட்டியில் பாதி காலியாகக் கிடக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் என்ன வாங்கி வரட்டும் என்று போனில் கேட்பேன். ஒன்றும் வேண்டாம் என்பார், பிறகு போனை வைக்கும் நேரத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்வார். இந்த முறை அவரைக் கேட்க முடியவில்லை.